டோவர் விறகு அடுப்பு: மினுக்கியதை விடத் துருப்பிடித்ததே மேல்

பார்த்த பொருள்: நாலு கால், மேலே இரண்டு வட்ட மூடி, இடப்பக்கம் விறகுப் பெட்டி, வலப்பக்கம் பாண் சுடும் போறணை கொண்ட பழைய வார்ப்பிரும்பு டோவர் அடுப்பு. விற்ற இடம்: மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் பழைய சாமான் விற்கும் ஒரு கடை. கடையில் சொன்ன நிலை: "முழுக்கத் திருத்தினது, கொண்டுபோய் அப்படியே மூட்டலாம்." கழற்றிப் பார்த்தபின் வந்த முடிவு: அடுப்பு அருமையானது, திருத்தம்தான் கெட்டது. இதே அடுப்பு துருவோடும் தூசியோடும் நின்றிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லலாம். கறுப்பு மை பூசி மினுக்கி நின்றதால் ஒவ்வொரு அங்குலத்தையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று. எழுவான்கரையில் இந்த அடுப்புகளைக் கொல்வது நெருப்பல்ல, உப்பு. மினுக்கிய மை அந்த உப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது.

அடுப்பைப் பற்றி முதலில். பழைய பங்களாக்களிலும் வாடிவீடுகளிலும் சமைத்த ஆட்கள் இதை 'டோவர்' என்றே சொல்வார்கள். பட்டறைக்காரர் 'காஸ்ட் அடுப்பு' என்பார்கள். இவ்வகை அடுப்புகள் பிரித்தானிய வார்ப்புத் தொழிலின் பிள்ளைகள். ஸ்கொட்லாந்தின் ஃபோல்கேர்க் நகரைச் சுற்றிய பகுதி அந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே 1759இல் தொடங்கிய கரன் கம்பனி 1982இல் முறிந்தது. அந்தக் காலத்து வார்ப்பாலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை, உதிரிப்பாகம் எழுதி எடுப்பிக்க ஆளில்லை. ஒரு மூடியோ கம்பித்தட்டோ தொலைந்திருந்தால் இன்னொரு உடைந்த அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது புதிதாக வார்ப்பிக்க வேண்டும். ஆகவே வாங்கும்போது பாகங்களை எண்ணுவதே முதல் வேலை: மூடிகள், மூடி தூக்கும் கொக்கி, விறகுக் கதவு, போறணைக் கதவு, சாம்பல் தட்டு, கம்பித்தட்டு, போறணைக்குள் இருக்கும் தட்டு, அடியில் கரி வழிக்கும் சிறு கதவு, பின்பக்கப் புகைக் கழுத்து. இந்த அடுப்பில் கொக்கியும் அசல் கம்பித்தட்டும் கரி வழிக்கும் கதவும் இல்லை. கொக்கியை எந்தக் கொல்லனும் அடித்துத் தருவார். கரிக் கதவு இல்லாதது சின்ன விஷயமல்ல.

ஏன் என்றால், இந்த அடுப்பில் புகை நேரே புகைக்கூட்டுக்குள் ஏறுவதில்லை. விறகுப் பெட்டியில் எழும் சுவாலை மேல் தட்டின் அடியால் வலப்பக்கம் ஓடி, போறணையின் தலைக்கு மேலே தவழ்ந்து, அதன் அப்புறச் சுவரால் இறங்கி, அடியால் திரும்பி, பின்பக்கக் கழுத்தால் வெளியேறுகிறது. போறணை நாலு பக்கமும் சூடாவது இதனால்தான். அதே காரணத்தால் போறணையின் அடியில் சாம்பலும் புகைக்கரியும் சேருகின்றன. வழித்து எடுக்க வழி இல்லையென்றால் சில மாதத்தில் அந்தப் பாதை அடைத்து, போறணையின் அடிப்பாகம் பச்சையாகவே நிற்கும். பாண் மேலே கருகி அடியில் மாவாக இருக்கும். கடையில் அந்த வாய்க்கு 1 மில்லிமீற்றர் தகரத்தை வெட்டி வைத்து நாலு புள்ளி வெல்டிங் போட்டு மூடியிருந்தார்கள். அதை வெட்டி எடுத்து, 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் இரண்டு காது வைத்த கழற்றக்கூடிய மூடியாகச் செய்ய வேண்டும்.

இனி மையைப் பார்ப்போம். பூசியிருந்தது கதவுக்கும் யன்னல் கம்பிக்கும் அடிக்கும் சாதாரண எனாமல். வெயிலில் பளபளக்கும், பார்க்க அழகு. ஆனால் அடுப்பு சூடாகத் தொடங்கியதும் அது இளகிப் புகைந்து, கொப்புளித்து, உரிந்து விழும். குசினி முழுக்க மூக்கை அரிக்கும் மணம். வெப்பம் தாங்கும் அடுப்பு மை 600 பாகை செல்சியஸ் அளவுக்குத் தாங்கும். அது பெரும்பாலும் மங்கலான கறுப்பு, கரிப்பலகை போல. கடையில் நிற்கும் அடுப்பு கண்ணாடி போல மினுங்கினால் எனாமல் என்று வைத்துக்கொள்ளலாம். விறகுப் பெட்டியின் உட்சுவரிலும் கம்பித்தட்டிலும் கூட மை இருந்தால், பூசியவருக்கு அடுப்பு எப்படி எரிகிறது என்றே தெரியாது. இங்கே உள்ளேயும் பூசியிருந்தது.

மையின் அடியில் இருந்தது அதைவிட மோசம். கையளவு காந்தம் ஒன்றை அடுப்பின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால், விறகுப் பெட்டியின் இடப்பக்கத் தகட்டில் ஒரு கோடு முழுக்கக் காந்தம் வழுக்கியது. வார்ப்பிரும்பில் காந்தம் ஒட்ட வேண்டும். வழுக்கும் இடத்தில் இரும்பில்லை, வாகனத்தின் பள்ளம் நிரப்பப் பூசும் பட்டிப் பசை இருக்கிறது. சுரண்டியதும் நாலு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. பட்டி முதல் நெருப்பிலேயே பொரிந்து கொட்டும்.

காந்தம் இல்லாமலும் வெடிப்பைப் பிடிக்கலாம். கழற்றக்கூடிய பாகத்தை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் தட்டுங்கள். வெடிப்பில்லாத வார்ப்பு கோயில் மணி போல நீளமாக ஒலிக்கும்; வெடித்தது 'தொப்' என்று அடங்கும். சந்தேகம் தீராவிட்டால் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவுங்கள். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல ஊறி வந்து வெள்ளைத் தூளில் ஈரக் கோடாகத் தெரியும். மூட்டுகளுக்கு இன்னொரு வழி: இருட்டு அறையில் விறகுப் பெட்டிக்குள் டோர்ச்சை எரியவிட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் புகை கசியும்.

வெடிப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். பக்கத் தகட்டில் என்றால் பயமில்லை. வெடிப்பின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது; உட்பக்கத்தில் ஒரு இரும்புத் தகட்டை நெருப்புச் சிமெந்து வைத்துப் போல்ட்டால் இறுக்கினால் பல காலம் ஓடும். மேல் தட்டில், மூடிகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பாலத்தில் வெடித்திருந்தால் அது வேறு கதை. அங்கேதான் சூடும் பாரமும் ஒன்றாக விழுகின்றன. அதைச் சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டவே கூடாது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 வீதம் வரை கரி இருக்கிறது. ஒட்டும்போது அந்தக் கரி உருகிய இரும்புக்குள் கலந்து, ஆறும்போது கண்ணாடி போலக் கடினமாகி, ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். வெல்டிங் முடிந்து கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று கேட்கும் சத்தம் அதுதான். நிக்கல் குச்சி வாங்கி, பாகம் முழுவதையும் முதலில் சூடாக்கி, ஒரு அங்குலம் ஒட்டி, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, ஆறவிட்டு, அடுத்த அங்குலம் ஒட்ட வேண்டும். முடிந்ததும் உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து மறுநாள்தான் எடுக்க வேண்டும். பித்தளைக் குச்சியால் காஸ் வைத்து ஒட்டுவதும் நல்ல முறை, இரும்பு உருகாது என்பதால் வெடிப்பு குறைவு; ஆனால் சுவாலை நேரே படும் இடத்துக்கு ஆகாது. கல்முனை, காத்தான்குடிப் பக்கம் படகு எஞ்சின் உடல் ஒட்டிப் பழகிய ஆட்கள் கிடைத்தால் அவர்களிடமே கொடுங்கள். கேற் செய்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

மூட்டுகளுக்குள் சாதாரணக் கட்டடச் சிமெந்தைக் குழைத்து அப்பியிருந்தார்கள். இதை இங்கே அடிக்கடி காணலாம், அதனால் விளக்கிச் சொல்ல வேண்டும். கட்டடச் சிமெந்து தண்ணீரைப் பிடித்து வைத்து இறுகுவது. நெருப்புப் பெட்டிச் சூட்டில் அந்தத் தண்ணீர் பிரிந்து போக, சிமெந்து மாவாகும். அது உதிர்வதற்கு முன்னே இன்னொரு கெடுதல் செய்கிறது: அடுப்புத் தகடுகள் சூட்டில் விரிந்து அசைய வேண்டியவை, கல்லாக இறுகிய சிமெந்து அசைய விடாது, தகடு வெடிக்கும். மூட்டுக்குச் சோடியம் சிலிக்கேற்றில் குழைத்த நெருப்புச் சிமெந்து வேண்டும். அதையும் மெல்லிய படையாகத்தான் வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சலித்த புற்றுமண்ணோடு சலித்த சாம்பலைக் குழைத்து வையுங்கள். சில மாதத்தில் வெடிக்கும், பரவாயில்லை, திரும்ப ஈரப்படுத்திப் பூசலாம். மண்ணில் உப்புப் போட்டுக் குழைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இரும்பு அடுப்புக்கு அது நஞ்சு.

பழைய மூட்டுகளிலும் கதவு விளிம்புகளிலும் சாம்பல் வெள்ளை நிறத்தில் நார்க் கயிறு கண்டால் கை வைக்காதீர்கள். அது கல்நாராக இருக்கலாம். சுரண்டி ஊதினால் தூள் நுரையீரலுக்குள் போகும். நன்றாக நனைத்து, தரமான முகமூடி போட்டு, ஈரத்தோடு எடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பதிலுக்கு 6 அல்லது 10 மில்லிமீற்றர் கண்ணாடி நார்க் கயிறு வைக்கலாம்.

போல்ட்டுகள். பிரித்தானிய வார்ப்பு என்பதால் மரை விட்வேர்த் என்ற பழைய ஆங்கில அளவு: கால் அங்குலப் போல்ட்டுக்கு, ஒரு அங்குல நீளத்தில் 20 மரை. கடையில் 6 மில்லிமீற்றர் மெற்றிக் போல்ட்டைப் போட்டிருந்தார்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர், மெற்றிக் போல்ட்டின் மரை இடைவெளி 1 மில்லிமீற்றர், விட்வேர்த்தினது 1.27. துளைக்குள் போகும், ஆனால் பிடிக்காது. பிடிக்காததால் நட்டை வெல்டிங்கால் ஒட்டியிருந்தார்கள், அடுத்த முறை கழற்ற முடியாதபடி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஆங்கில வாகனச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் விட்வேர்த் கிடைக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க அளவான கால் அங்குல யூஎன்சி போல்ட்டும் 20 மரைதான், கோணம் கொஞ்சம் வித்தியாசம் என்றாலும் அடுப்புக்குப் போதும். சாதாரண இரும்பு போல்ட்டே நல்லது. காரீயத் தூளை (ஈயமல்ல, பென்சிலுக்குள் இருக்கும் கிராபைற்று) கிரீசில் கலந்து மரையில் பூசி, கையால் இறுகும் மட்டும் திருப்பி, சாவியால் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் காது உடையும். துருவில் இறுகிய பழைய போல்ட்டைத் திருகி முறிக்க வேண்டாம்: சிவக்கும் வரை சூடாக்கி, கொஞ்சம் ஆறியதும் மெழுகுதிரியை மரையில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கலாம்.

கம்பித்தட்டுக்குப் பதிலாக 10 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். இதைக் குறை சொல்ல மனமில்லை. அசல் தட்டு கிடைக்காது, முறுக்குக் கம்பி சில மாதத்தில் வளைந்தாலும் மாற்றுவது மலிவு. 12 மில்லிமீற்றர் உருளைக் கம்பி, இடைவெளியும் 12 மில்லிமீற்றர், ஒட்டாமல் சட்டத்தில் அடுக்கி வைத்தால் விரிய இடம் இருக்கும், இன்னும் நல்லது. புதிதாக வார்ப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வார்ப்பிரும்பு ஆறும்போது ஒரு அடி நீளத்துக்கு ஏறக்குறைய எட்டிலொரு அங்குலம் சுருங்கும். பழைய பாகத்தையே அச்சாக மணலில் பதித்தால் புதியது சின்னதாகத்தான் வரும். விளிம்பில் மெழுகோ பட்டியோ வைத்துப் பெருப்பித்துக் கொடுங்கள்.

கடை சரியாகச் செய்ததும் உண்டு. போறணைக் கதவின் பிணைச்சல் ஆணியைப் புதிதாகக் கடைந்து போட்டிருக்கிறார்கள். கதவு தொங்காமல், விளிம்பு முழுக்க ஒரேயளவாகப் பொருந்துகிறது. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தால் நாலு பக்கமும் இறுக்கம். இரண்டு மூடியும் அசல், தட்டையாகவே இருக்கின்றன. மேல் தட்டில் மட்டப்பலகை வைத்தால் நடுவில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த பள்ளம். இத்தனை வயதுள்ள அடுப்புக்கு இது அபூர்வம். யாரோ இதை அளவோடு எரித்திருக்கிறார்கள்.

உப்புக்கு வருவோம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரையில் எந்த இரும்பும் நிம்மதியாக இருப்பதில்லை. வாவிக்கு மேற்கே, உள்நாட்டுப் பக்கமான படுவான்கரையில் கொட்டிலுக்குள் கிடந்த அடுப்பும் கடலோரக் கல்லடியில் கிடந்த அடுப்பும் ஒரே வயதாக இருந்தாலும் ஒன்றல்ல. படுவான்கரைத் துரு மேலோடு நிற்கும். கம்பித் தூரிகையில் செம்மண் போல உதிரும். கடலோரத் துரு படை படையாக, அப்பளம் போலக் கிளம்பும், அடியில் உப்பு இருக்கும். அதன் மேல் எந்த மை பூசினாலும் மாரி தொடங்கியதும் செம்மஞ்சள் துளிகள் வியர்வை போல அரும்பும். இந்த அடுப்பின் பின் கால்களில் மைக்கு மேலாகவே அந்தத் துளிகள் வந்திருந்தன. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, கூச்சமில்லாமல் கேளுங்கள்: சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று இந்த அடுப்பு எங்கே நின்றது? கடல்நீர் ஏறி இறங்கி, பிறகு கழுவி எடுத்தது என்றால் காப்பாற்றலாம். உப்பு மண்ணில் வருடக்கணக்காகப் புதைந்து கிடந்தது என்றால் கத்தி முனையால் ஒரு மூலையைக் குத்திப் பாருங்கள். உப்பு நீர் வார்ப்பிரும்பிலுள்ள இரும்பை மட்டும் தின்று, காரீயத்தை விட்டுவிடும். உருவம் அப்படியே இருக்கும், எழுத்துக் கூட அழியாமல் இருக்கும், ஆனால் கத்தி பென்சிலுக்குள் போவது போல இறங்கி, விரலில் கறுப்பு ஒட்டும். அந்தப் பாகத்துக்கு உலகத்தில் மருந்தில்லை.

துரு எடுப்பதில் மணல் அடிக்கும் முறையை இங்கே பலர் கேட்கிறார்கள். கடற்கரை மணலை அடித்தால் உப்பையும் சேர்த்து அடிப்பதாகும். ஆற்று மணலும் அடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். வினாகிரியும் வேலை செய்யும், சரிபாதி தண்ணீர் கலந்து, அரை மணிக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஊறப்போட்டால் நல்ல இரும்பையும் அரித்து முகம் பொரிந்தது போலாக்கும். கழற்றக்கூடிய பாகங்களுக்கு எல்லாவற்றையும் விட நல்லது மின்முறை.

40 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி, அதில் தண்ணீர். எழுவான்கரைக் கிணறுகள் பல உவர், அதனால் மழைநீரோ குழாய் நீரோ எடுங்கள். சலவைச்சோடா 10 மேசைக்கரண்டி. உப்புப் போடக் கூடாது, நச்சு வாயு வரும். பாகத்தைத் தொட்டியின் நடுவில் செம்புக் கம்பியால் தொங்கவிட்டு, 12 வோல்ற்று பற்றரி சார்ஜரின் மறை முனையை அதற்குக் கொடுங்கள். நேர் முனைக்கு முறுக்குக் கம்பித் துண்டுகளைத் தொட்டியின் நாலு பக்கமும் நிறுத்தி ஒன்றோடொன்று இணைத்துக் கொடுங்கள். முனை மாறினால் துருவுக்குப் பதில் அடுப்பே கரையும், இரண்டு தரம் பாருங்கள். துருப்பிடியாத உருக்கை நேர் முனையில் வைக்கக் கூடாது. அதிலிருந்து கரையும் குரோமியம் நஞ்சு. கம்பிக்கு நேரே தெரியும் பக்கம்தான் வேகமாகத் துப்புரவாகும், அதனால் பாகத்தைத் திருப்பி வைக்க வேண்டும். எழும் குமிழியில் ஐதரசன் இருக்கிறது. திறந்த விறாந்தையில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி கூடப் பற்ற வைக்க வேண்டாம். தொட்டிக்குள் கை வைக்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். 12 முதல் 24 மணித்தியாலத்தில் துரு கறுத்த சேறாகி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாலே போய்விடும்.

கடலோர அடுப்பு என்றால் இத்தோடு விடக் கூடாது. புதிய சோடாத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, வாரத்துக்கொரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். கடைசியில் எடுத்துக் காயவைத்து, மூடிய இடத்தில் ஒரு வாரம் வெறுமனே வைத்துப் பாருங்கள். செம்மஞ்சள் துளி அரும்பினால் இன்னும் உப்பு இருக்கிறது, திரும்ப ஊறப் போடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மையை எடுக்கிறார்கள். எந்த மாதத்தில் செய்வது என்றால், கச்சான் காற்று வீசும் மாதங்களில். அந்த வறண்ட காற்றில் கழுவிய இரும்பு நிமிடத்தில் உலரும். மார்கழி ஈரத்தில் துடைத்து முடிப்பதற்குள்ளேயே மஞ்சள் படிந்துவிடும்.

கறுப்பேற்றுவதற்கு மிகச் சிறந்த பொருள் நம் நாட்டு மண்ணிலேயே இருக்கிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து வரும் காரீயம் உலகத்தில் பேர்பெற்றது. நன்றாக அரைத்த காரீயத் தூளைச் சிறிது ஆளி விதை எண்ணெயிலும் தர்ப்பந்தைலத்திலும் களிப் பதத்துக்குக் குழைத்து, ஆறிய அடுப்பில் மெல்லியதாகத் தேய்த்து, அரை மணி விட்டு, பழைய சப்பாத்துத் தூரிகையால் மினுக்குங்கள். எனாமலின் கண்ணாடிப் பளபளப்பு வராது. மழைமேகம் போல ஒரு வெள்ளிக் கறுப்பு வரும். தர்ப்பந்தைலம் தீப்பற்றும், சூடான அடுப்பில் பூச வேண்டாம். மேல் தட்டுக்கு மட்டும் எண்ணெய்ப் பதம் கொடுப்பது நல்லது, ஏனென்றால் சட்டி உரசும். தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும், ஆனால் அது இரும்பில் இறுகி உலரும் எண்ணெயல்ல, பிசுக்காகவே நிற்கும். நல்லெண்ணெய் அதைவிட மேல், ஆளி விதை எண்ணெய் எல்லாவற்றிலும் மேல். தடவிவிட்டு, தடவவே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்து எடுத்து, புகை நிற்கும் வரை சூடாக்குங்கள். நாலு தரம் இப்படி.

நிறுவும்போது கிடுகுக் கூரை உள்ள குசினிக்குள் இதை வைக்கவே வேண்டாம். ஓடு அல்லது தகரம், சிமெந்து நிலம், மரச் சுவரோ அலுமாரியோ இருந்தால் 3 அடி தூரம். புகைக் குழாய்க்குக் கறுப்பு இரும்புக் குழாய்தான். துத்தநாகம் பூசிய குழாயை அடுப்பின் கழுத்தில் மாட்டினால் சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகி காய்ச்சலைக் கொண்டுவரும். கல்நார்ச் சிமெந்துக் குழாய் சூட்டில் வெடித்துச் சிதறும். குழாய் கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்திலிருந்து 3 அடியும், 10 அடிச் சுற்றில் உள்ள எதையும் விட 2 அடியும் உயர வேண்டும். இல்லையென்றால் வாடைக் காற்று புகையைத் திருப்பிக் குசினிக்குள் தள்ளும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது. குழாயை மூன்று பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

எரித்துப் பார்த்ததில், மூட்டுகளைத் திருத்தியபின், அடுப்பு நன்றாக இழுத்தது. சவுக்கு, வேம்பு, சீமைக்கிளுவை எல்லாம் ஏற்கிறது, ஒன்றரைச் சாணுக்கு மேற்படாமல் வெட்டிப் பிளந்து, ஒரு கச்சான் காலம் முழுக்க உலர்ந்ததாக இருந்தால். ஈர விறகு போட்டால் குழாய்க்குள் தார் படியும், ஒரு நாள் அது தானே தீப்பிடிக்கும். கடற்கரையில் ஒதுங்கிய மரத்தை எரிக்கவே வேண்டாம், அதிலுள்ள உப்பு அடுப்பின் உள்ளிருந்தே தின்னும். சிரட்டை கைப்பிடியளவு போதும். பெட்டி நிறையப் போட்டால் மேல் தட்டு இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும், அந்தச் சிவப்புத் தெரிந்தால் தட்டு வளையப் போகிறது என்று அர்த்தம். சாம்பல் தட்டை ஒவ்வொரு நாளும் கொட்ட வேண்டும். சாம்பல் கம்பியைத் தொடும் அளவுக்கு ஏறினால் அடியிலிருந்து வரும் குளிர்ந்த காற்று நின்று கம்பி சூட்டில் வளைந்து சரியும். பிட்டுக்கும் சோற்றுக்கும் மூடியை எடுத்துச் சட்டியை நேரே சுவாலையில் இறக்கலாம். பால் காய்ச்ச, குழம்பு வற்ற வைக்க, வலப்பக்கத் தட்டு. போறணை 200 பாகைக்கு ஏற முக்கால் மணி எடுத்தது. பாணை அரைவாசியில் ஒரு முறை திருப்பி வைக்க வேண்டும், விறகுப் பெட்டிப் பக்கம் எப்போதும் சூடு கூட.

விலை பேசும்போது இரும்பு நிறையிலிருந்து தொடங்குங்கள். பழைய இரும்புக்காரர் கிலோவுக்குக் கொடுக்கும் விலைதான் அடி. அதன் மேல் குறையில்லாத மேல் தட்டுக்கும் அசல் மூடிகளுக்கும் எழுத்து அழியாத கதவுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். மைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், அதை எடுப்பதற்கு நீங்கள்தான் இரண்டு நாள் செலவழிக்கப் போகிறீர்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வீடுகளில் இப்படி ஒரு அடுப்புக்கு ஆசை வருவது நியாயமே. ஆனால் வாங்கிய அன்றே சமைக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடையின் அடுப்பு ஆகாது. கழற்றிப் பூட்டத் தயாராக உள்ளவர்கள், மையைக் குறையாகக் கணக்கிட்டு விலையைக் குறைப்பித்து, வாங்கலாம். கடைக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த அடுப்பைத் துருவோடேயே விற்பனைக்கு வையுங்கள். உங்கள் பிணைச்சல் வேலைக்கு மட்டும் கூலி சேர்த்துக்கொள்ளுங்கள், அது தகும்.

பூட்டி முடித்த அடுப்பை முதல் நாளே முழுச் சூட்டுக்கு ஏற்றாதீர்கள். நெருப்புச் சிமெந்து ஒரு நாள் காய வேண்டும். பிறகு முதல் தரம் தென்னம் ஈர்க்கும் காகிதமும் மட்டும், கையால் தொடக்கூடிய சூடு, அரை மணி. முழுக்க ஆறவிட்டு, மறுநாள் இரண்டு சிறு விறகு, ஒரு மணி. மூன்றாம் நாள் வழக்கமான நெருப்பில் பாதி. வாசல், யன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், எண்ணெய்ப் புகை வரும். ஒவ்வொரு தரமும் ஆறியபின் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்ததைக் கையால் மட்டும் திருப்புங்கள். சட்டி பொங்கி மேல் தட்டில் வழிந்தால் ஈரத் துணியைக் கொண்டு ஓடாதீர்கள். சூட்டில் தண்ணீர் பட்டால் அந்த இடத்திலேயே வெடிக்கும். உலர்ந்த சாம்பலைத் தூவி, ஆறியபின் வழித்தெடுங்கள்.